யாரோ ஒருவருடைய சீனிக்கு நான் கொடுத்த தங்க நட்சத்திரம்

அடுத்த திங்கட்கிழமை எங்கள் பிரிவில் வேலைக்குச் சேரப்போகிற மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுத வேண்டுமென்றால் ஓய்வு பெற்றிருக்க வேண்டும், தலை நரைத்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு மூக்குக்கண்ணாடியாவது இருக்க வேண்டும். என்னிடம் மூன்றும் இல்லை. எனக்கு வயது முப்பத்தொன்று. நான்கு வருடம் இங்கே தாதியாக இருந்துவிட்டு இடமாற்றம் பெற்றுப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு வருடத்தில் நான் செய்த பிழைகளை நிதானமான ஒருவர் செய்து முடிக்க முப்பது வருடம் பிடிக்கும். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான்.

இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதைக் காட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது சுவரில் தொங்கிய ஒரு காட்போட் மட்டையைப் பற்றி. உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், கை கழுவும் இடத்துக்கு மேலே, நான்கு ஆணித் துளைகள் தெரியும். போன வருடம் பெயின்ட் அடித்தபோது அவற்றை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான். அங்கேதான் என் மட்டை தொங்கியது.

நான் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டப் பாடசாலை, பிறகு கண்டி, பிறகு தாதியர் பயிற்சி, அதற்கும் மேலே நீரிழிவு பற்றி ஒரு விசேட பயிற்சி. அதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். கட்டுகஸ்தோட்டைப் பக்கமுள்ள இந்தச் சிறிய பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது, இங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததே சீனி வருத்தம்தான் என்று தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் வந்து நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் அதை ‘ரத்தம் கழுவுறது’ என்பார்கள். அதைவிடச் சரியான பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இவர்களுடைய சீனி, பிடிக்குள் அகப்படாத ஒன்று. சிறுநீரகம் வேலை செய்யாதபோது போட்ட இன்சுலின் உடம்பை விட்டு லேசில் வெளியேறாது. பசியும் குறைவு. இயந்திரத்தில் இருக்கும்போது சீனி இறங்கும், வீட்டுக்குப் போனதும் ஏறும். காலையில் ஓர் ஆளாகவும் பின்னேரம் இன்னோர் ஆளாகவும் இருப்பார்கள். ‘சீனிப் பொறுப்பை நான் எடுக்கிறேன்’ என்று சேர்ந்த இரண்டாவது வாரமே கையைத் தூக்கினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் தூக்கினேன்.

அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான் மட்டை. நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டம். முதல் கட்டம், இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் காலையில் விரலில் குத்திப் பார்க்கும் அளவுக்கு. இரண்டாவது, ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் மூன்று மாதச் சோதனைக்கு. நம் சிவப்பணுக்களில் சீனி ஒட்டிக்கொள்ளும். அந்த அணுக்கள் ஏறக்குறைய மூன்று மாதம் வாழும். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதச் சராசரி தெரியும் என்பது ஏற்பாடு. அளவு நன்றாக இருந்தால் தங்க நட்சத்திரம். பரிசுப்பொருள் சுற்றுகிற தாளை வாங்கி, விடுமுறை நாளில் உட்கார்ந்து நானே வெட்டினேன்.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். மட்டையைப் பார்த்துவிட்டு, “இதென்ன, நேர்சரியோ?” என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மட்டை தொங்கிய முதல் வாரமே பிரிவுக்கு உயிர் வந்துவிட்டது. செவ்வாயும் சனியும் காலையில் வருகிறவர்களில் இரண்டு பேர் பெரிய போட்டியாளர்கள். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேராதனைக்காரர். எல்லோரும் மாஸ்டர் என்போம். மற்றவர் மடவளையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்துநான்கு வயது. நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவருடைய மனைவியை ராத்தா என்பேன். அவர்கள் ஊரில் அண்ணனையும் அக்காவையும் அழைக்கும் முறை அது.

“என்ன மிஸ்ஸி, மாஸ்டருக்கு நாலு நட்சத்திரம் ஈக்கி, எனக்கி மூணுதான் ஈக்கி,” என்று நானா கதிரையில் உட்காருவதற்கு முன்பே தொடங்குவார். “ஒங்கட ஆளுக்கு ரகசியமா ஒட்டிப்போட்டீங்க போல.”

“ராத்திரி ரெண்டு பராட்டாவ உள்ள தள்ளிட்டு வந்து காலையில நட்சத்திரம் கேட்டா எப்படிங்க நானா?” என்பார் மாஸ்டர் பக்கத்துக் கட்டிலிலிருந்து.

“பராட்டாவா? எங்கட ஊட்டுல பராட்டா எண்ட சொல்லயே பொஞ்சாதி தடை செஞ்சீக்கி.”

மூன்றே மாதத்தில் காலை அளவுகள் எல்லாம் இறங்கத் தொடங்கின. நான் வரைபடம் போட்டேன். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு இறங்குகிற பாதை மாதிரி கோடு வளைந்து வளைந்து கீழே போனது. வைத்தியர்களின் மாதாந்தக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டி இருபது நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பளை வரை நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவே இல்லை.

நானாவுக்கு வெறும் நட்சத்திரம் மட்டும் குறி இல்லை. ராத்தாவின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்று சோதனைகளில் தெரிந்திருந்தது. மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியர் குழு கூடி, திகதி கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே ‘சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா?’ என்பதுதான். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கும் மருந்துகள் சீனியை இன்னும் ஏற்றும். ஏற்கெனவே ஏறியிருந்தால் காயம் ஆறாது, கிருமி பிடிக்கும், ராத்தா கொடுத்த சிறுநீரகமும் வீணாகும். இன்னொரு பக்கம், காத்திருக்கவும் முடியாது. இயந்திரத்தில் இணைப்பதற்காக நானாவின் இடது கையில் செய்து வைத்திருந்த இரத்தக்குழாய் இணைப்பு இரண்டு தடவை அடைத்துவிட்டது. மூன்றாவது தடவை அடைத்தால் அந்தக் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் நானாவின் மூன்று மாதச் சோதனை வந்தது. ஐந்து தசம் ஒன்பது.

சீனி வருத்தம் இல்லாத எனக்கே அப்படி ஓர் அளவு இருக்குமா தெரியாது. நான் துள்ளிக் குதித்தேன். நட்சத்திரம் போதாது என்று ஒரு பெரிய நட்சத்திரம் வெட்டி ஒட்டினேன். குழுவுக்கு அனுப்பும் அறிக்கையை நானே எழுதினேன்: ‘மிகச் சிறந்த கட்டுப்பாடு.’ டொக்டர் வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். “வீட்டு அளவுகளையும் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். “எல்லாம் ஒத்துப் போகுது டொக்டர்,” என்றேன். காலை அளவும் ஆய்வுகூட அளவும் ஒத்துப்போனதைத்தான் சொன்னேன். வீட்டு அளவு என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. அவர் கையெழுத்து வைத்தார்.

குழு கூடுவது வியாழக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை ராத்தா வந்தார். கையில் ஒரு சுவர்க் கலண்டர் சுருட்டி, ரப்பர் போட்டு வைத்திருந்தார். விரித்தார். ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் மூன்று எண்கள்: சுபஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன்.

“கொஞ்சம் பாருங்களே மிஸ்ஸி. முந்தியும் ரெண்டு தரம் சென்ன. பகல் திண்ட பொறகு ஒரு நாளும் இருநூத்தம்பதுக்குக் கொறய இல்ல. எனக்கி பயமா ஈக்கி.”

“சீனி பாக்குற அந்த மெஷின் எப்ப வாங்கினது ராத்தா?”

“ரெண்டு வருஷம் ஈக்கும்.”

“குத்திப் பாக்குற பட்டியெல்லாம் எங்க வைக்கிறீங்க?”

“குசினி அலுமாரியில.”

“அதான்!” என்றேன். துப்புத் துலக்கியவள் மாதிரி விரலைச் சொடுக்கினேன் என்றுகூட ஞாபகம். குசினி ஆவியில் அந்தப் பட்டிகள் எப்படிக் கெட்டுப்போகும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். நல்ல விளக்கம். அதில் ஒரு பிழையும் இல்லை. இவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதைத் தவிர. பட்டிகள் இருந்த போத்தலைத் திறந்துகூட நான் பார்க்கவில்லை.

“அப்ப புதுசா ஒண்டு வாங்கவா?”

“வேணாம் ராத்தா. வீணா மனசக் கொழப்பிக்காதீங்க. லெப்ல எடுத்த நம்பர் இருக்கு. அது பொய் சொல்லாது.”

ராத்தா கலண்டரைச் சுருட்டி ரப்பரைப் போட்டார். “சரி மிஸ்ஸி. நீங்க படிச்சவங்க,” என்றார்.

அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இது என்னிடமுள்ள ஒரு வருத்தம். இதற்கு மருந்து கிடையாது, அடிக்கடி அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை. கட்டில்களைத் தயார் செய்துகொண்டிருந்தோம். நோயாளிகள் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“மிஸ்ஸி, நானா பேசாம உக்காந்திருக்காருங்க,” என்றார் மாஸ்டர்.

“நல்லதுதானே மாஸ்டர், காதுக்கு ஓய்வு,” என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

“இல்லங்க மிஸ்ஸி. ரெண்டு தடவ சீண்டிட்டேன். திட்டவே இல்ல.”

அதற்குப் பிறகுதான் திரும்பினேன். கண்டியின் காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் நானாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. “நானா?” என்றேன். என்னைப் பார்த்து, “கடையத் தொறந்தாச்சா?” என்று கேட்டார். விரலைக் குத்தினேன். நாற்பத்துநான்கு.

அதே நேரத்தில், வேறொரு நோயாளியைக் கொண்டுவந்து விட வந்த ஒருவர் நல்ல மனதோடு ஓடி வந்தார். கையில் வெட்டிய செவ்விளநீர். “தெம்பிலி குடுங்க மிஸ்ஸி, ஒடன தெளிஞ்சிரும்!” வெளியில் யாருக்காவது மயக்கம் வந்தால் நாமும் அதைத்தான் செய்வோம். ஆனால் இவர்களுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லை. இருதயத்தையே நிறுத்திவிடும். நான் போட்ட சத்தத்தில் அவர் இளநீரை நிலத்தில் போட்டுவிட்டார். அரை டம்ளர் தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்து, நானா விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் தொண்ணூற்றாறு. இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாகச் செய்தது இந்தக் கால் மணித்தியாலம் மட்டும்தான். ஆகவே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெளியில் காத்திருந்த ராத்தா உள்ளே ஓடி வந்தபோது நான் சொன்னது இது:

“பாத்தீங்களா ராத்தா? ஒங்க மெஷின் இருநூத்தி எம்பதுன்னு சொல்லுது. மனுஷன் இங்க நாப்பத்தி நாலுல கெடக்குறாரு. அந்த மெஷின மொதல்ல தூக்கி வீசுங்க.”

ராத்தா கைப்பையிலிருந்து அந்த மெஷினை எடுத்தார். கூடவே பட்டிப் போத்தல். இறுக்க மூடியிருந்தது, திகதி முடிய இன்னும் எட்டு மாதம். “அந்த வெரலத் தாங்க,” என்று நானாவின் கையைப் பிடித்து, நான் சற்றுமுன் குத்திய அதே துளையை அமுக்கி, வந்த துளியைப் பட்டியில் வைத்தார். நூற்றொன்று. என்னுடையது தொண்ணூற்றாறு. பிறகு தன் விரலைக் குத்தினார். தொண்ணூற்றிரண்டு.

“மெஷின் எனக்கும் உண்ம செல்லுது, இவருக்கும் உண்ம செல்லுது,” என்றார். “ஊட்டுல மட்டும் பொய் செல்லுமா மிஸ்ஸி?”

இருபது நிமிடம் திரை போட்டுப் பேசிய எனக்கு அப்படி ஒரு சோதனை செய்யத் தோன்றவில்லை. ஒரு துளி, இரண்டு மெஷின். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அப்போது கட்டிலிலிருந்து நானாவின் குரல் மெல்ல வந்தது. “அவக்கு ஏச வாணாம் மிஸ்ஸி. நேத்து பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு நான் ஒண்டும் திண்ட இல்ல. காலயில இன்சுலினும் ஆறு யூனிட் கூடப் போட்ட.”

“எனத்துக்கு?” என்றார் ராத்தா. அந்த ஒரு சொல்லில் நான் ஓரடி பின்னால் போனேன்.

நானா சுவரைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். “மாஸ்டர் ஒம்பது நட்சத்திரத்துல ஈக்காரு,” என்றார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “நானும் அப்படித்தாங்க மிஸ்ஸி. திங்கக்கெழம ராத்திரியே சாப்பாட்ட நிப்பாட்டிருவேன். நட்சத்திரம் சும்மா வருமா?” அடுத்த கட்டிலில் ஒரு கை உயர்ந்தது. அதற்கடுத்ததில் இன்னொன்று. அன்று காலை வந்திருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் என் மட்டைக்காகப் பட்டினி கிடந்து வந்திருந்தார்கள். என் வரைபடத்தில் கோடு ஏன் கம்பளை வரை இறங்கியது என்று அப்போதுதான் விளங்கியது. அது சீனி இறங்கிய கோடு இல்லை. என் நோயாளிகள் பசியோடு இறங்கிய கோடு.

சரி, காலை அளவு பொய். வீட்டுக் கலண்டர் உண்மை. அப்படியென்றால் மூன்று மாதச் சோதனை? ஆய்வுகூடத்தை யாரும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாதே?

நானாவை இயந்திரத்தில் இணைத்துவிட்டு அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து புரட்டினேன். இரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசி, வாரா வாரம். அதற்கு முந்திய பக்கத்தில், சோதனை எடுப்பதற்கு ஐந்து வாரம் முன்பு, இரத்தம் குறைந்துபோனதால் இயந்திரத்தில் இருக்கும்போதே இரண்டு பை இரத்தம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஏற்றியவர் கையெழுத்து வளைவும் சுழிவுமாக இருந்தது. புசல்லாவைத் தோட்டப் பாடசாலையில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கையெழுத்து அது.

ஆமாம், நான்தான். அந்தப் பைகளைத் தொங்கவிட்டது நான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் சோதனை அணுக்களில் ஒட்டிய சீனியைப் பார்க்கிறது. நானாவின் சொந்த அணுக்கள் வழமையான ஆயுள் வாழ்வதில்லை. சீனி ஒட்டுவதற்குள் செத்துவிடும். ஊசியினால் ஊறி வருபவை நேற்றுப் பிறந்தவை. அவற்றில் ஒட்ட நேரமே இருக்கவில்லை. மிச்சம், எங்கோ ஒரு முகாமில் கை நீட்டிப் படுத்து இரத்த தானம் செய்த, சீனி வருத்தமே இல்லாத யாரோ ஒருவருடையவை. நான் பெரிய நட்சத்திரம் வெட்டி ஒட்டியது அந்த முகம் தெரியாத மனிதருக்கு. ‘மிகச் சிறந்த கட்டுப்பாடு’ என்று குழுவுக்கு எழுதியதும் அவரைப் பற்றித்தான்.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், அதுதான் வெட்கம். பயிற்சியின் இறுதிப் பரீட்சையில் இதே கேள்வி வந்தது. ‘சிறுநீரக நோயாளிகளில் இச்சோதனை ஏன் நம்பத்தகாதது?’ ஐந்து காரணங்கள் எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். விடைத்தாளில் இருந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த ஆளோடு அதைச் சேர்த்துப் பார்க்க நான் மறந்துவிட்டேன். நல்ல நம்பர் வந்தால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. கெட்ட நம்பர் வந்தால் மெஷினைக் குறை சொல்கிறோம். இது என் கண்டுபிடிப்பு. இதற்காவது ஒரு நட்சத்திரம் தரலாம்.

இனி உங்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இடம். அந்தக் கோப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறிக்கை போய்விட்டது. குழு நாளை மறுநாள் கூடுகிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் நானாவுக்குத் திகதி கிடைக்கும். அவருடைய கை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. சீனியைச் சத்திரசிகிச்சைக்கு முன் எப்படியாவது இறக்கிவிடலாம் என்று ஒரு குரல். அது அக்கறையின் குரல் மாதிரித்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டபோது, ‘கூட்டத்தில் கை தட்டினார்களே, அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பாய்?’ என்றும் அதே குரல்தான் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று அப்போது தெரிந்துவிட்டது. எழுந்து டொக்டரின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை, பட்டினி, இரத்தப் பை, கலண்டர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கையெழுத்து வைச்சது நானெல்லோ,” என்றார். “வீட்டு அளவைப் பாக்காமல் வைச்சது என்ர பிழை.” தொலைபேசியை எடுத்தார், திரும்பவும் வைத்தார். “அறிக்கையை நான் திருப்பி எடுக்கிறன். அவையளுக்கு ஆர் சொல்லுறது, நீங்களோ நானோ?”

“நான் சொல்றேன் டொக்டர்.”

“ஓம்,” என்றார்.

சொன்னேன். நானா கட்டிலில், இரத்தம் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுந்து போகவும் முடியாத நிலையில் அவரிடம் அதைச் சொன்னது இன்னொரு பிழை. முடியும்வரை காத்திருந்திருக்க வேண்டும். அவர் கத்தவில்லை. “அப்ப திகதி இல்ல,” என்றார். “இப்போதைக்கு இல்ல நானா.” இணைப்பு இருந்த கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தபோதும், “அந்த மத்த மிஸ்ஸியக் கூப்புடுங்க,” என்று வேறு தாதியிடம்தான் ஊசி ஏற்றிக்கொண்டார். மாஸ்டர் சீண்டினாலும் பதில் இல்லை. பிரிவே வெறிச்சோடிப் போயிற்று.

ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் எத்தின தரம் சென்ன மிஸ்ஸி?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எண்ணிப் பார்க்கிற மாதிரி யோசித்துவிட்டு, “மூணு தரம்,” என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு, “கலண்டர் கொண்டு வரவா?” என்றார்.

மட்டையை அன்றே கழற்றினேன். அடுத்த ஐந்து மாதம் அந்தக் கலண்டரோடுதான் ஓடியது. இயந்திரத்துக்கு வரும் நாள், வராத நாள், சாப்பிட்டதற்கு முன், பின் என்று ராத்தா நான்கு நிறப் பென்சில் வாங்கி எழுதினார். கழுவுகிற நாளில் இன்சுலினைக் குறைத்து, மற்ற நாட்களில் பகலுக்குக் கூட்டி, டொக்டர் அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பது புதிய சட்டம். நான் வாசலில் நின்று, “என்ன சாப்பிட்டீங்க?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு உள்ளே விட்டேன். அளவுகள் ஏறின. என் வரைபடம் நாசமாய்ப் போயிற்று. மறுபடி மாதாந்தக் கூட்டத்தில் பேசி, முன்பு சொன்னதெல்லாம் பிழை என்று சொன்னேன். அன்று யாரும் கை தட்டவில்லை. இரண்டு பேர் மட்டும் கூட்டம் முடிந்ததும் வந்து தங்கள் நோயாளிகளின் கோப்புகளைப் பற்றி மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கை? ஒவ்வொரு செவ்வாயும் சனியும் நானாவின் இடது கையில் காதை வைத்து, உள்ளே இரத்தம் ஓடுகிற அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். நான்காவது தடவை அவர் வந்தபோதுதான் என்னைத் தொட விட்டார். காதை வைத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

“மிஸ்ஸி.”

“என்ன நானா?”

“அந்தப் பெரிய நட்சத்திரம். ரத்தம் தந்த ஆளுக்கு அனுப்பிப்போட்டீங்களா?”

பக்கத்துக் கட்டிலில் மாஸ்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. காதை எடுக்கவில்லை. சத்தம் நன்றாகக் கேட்டது.

ஐந்து மாதம் முடிந்தபோது குழுவுக்குப் புதிய அறிக்கை போனது. இந்தத் தடவை ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லே இல்லை. கலண்டர் தாள்களின் பிரதி, எந்த அளவு எப்போது எடுத்தது என்ற விபரம், மூன்று மாதச் சோதனையை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று இரண்டு வரி. குழு திகதி கொடுத்தது. கை அதுவரை தாங்கியது. தாங்காமல் போயிருக்கவும் கூடும் என்பதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். நானாவைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். என்னைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே விரலை நீட்டிக் காட்டினார். சிறுநீர்ப் பை. நிறைந்திருந்தது. இரண்டு வருடமாக ஒரு நாளில் அரை டம்ளரும் போகாத மனிதர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்தது. சத்தம் வராவிட்டாலும் விளங்கியது. “இதுக்கு ஒட்டுங்க நட்சத்திரத்த!”

உள்ளேயிருந்த தாதி ஒரு தாளைக் கண்ணாடியில் பிடித்துக் காட்டினார். சீனி நூற்று அறுபத்தெட்டு. அந்த மருந்துகளோடு அது நல்ல அளவு. நான் பறந்துகொண்டு இரண்டு மாடி ஏறி, பெண் நோயாளிகளின் விடுதியில் படுத்திருந்த ராத்தாவிடம் போனேன். விலாவில் ஒரு கையை வைத்துக்கொண்டு சரிந்து படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“நானா நல்லா இருக்காரு ராத்தா! சீனியும் நல்லா இருக்கு!”

“நல்லம் எண்டா எத்தின?”

“நூத்தி அறுபத்தெட்டு.”

ராத்தா கண்ணை மூடினார். நிம்மதியில் மூடுகிறார் என்று நினைத்தேன். மூடிய கண்ணோடேயே கேட்டார்.

“எத்தின மணிக்கி எடுத்த? திண்ண முந்தியா, பொறகா?”

அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“கொஞ்சம் பொறுங்க ராத்தா,” என்று சொல்லிவிட்டு, இரண்டு மாடியும் இறங்கி, அந்த நீளமான நடையைக் கடந்து, மறுபடி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தட்டினேன்.